ஏரியின் இடது பக்கம்

பின்னால் உட்காருகிறவர்தான் படகை ஓட்டுகிறவர், முன்னால் இருப்பவர் சும்மா பலத்துக்குத் துடுப்புப் போட்டால் போதும் என்று, படகு வாடகைக்கு விடுகிற, கை முழுக்கப் பச்சை குத்தியிருந்த அந்த வெள்ளைக்காரப் பெண் சொன்னாளாம். சுடர்க்கொடிதான் எனக்குத் தமிழில் சொன்னாள். சொன்ன கையோடு, “அப்பா, நீங்க பின்னாடி. வேற யாரு?” என்று துடுப்பை என் கையில் திணித்தாள். வேற யாரு என்று பெற்ற மகள் கேட்கிற அந்த ஒரு கேள்விக்காக, முழங்காலை மடக்கிக்கொண்டு இருபத்திரண்டு மணி நேரம் விமானத்தில் வரலாம், தப்பில்லை. தவசி டிரைவர் என்றால் எங்கள் பஸ் டிப்போவில் ஒரு மரியாதை இருந்தது. முப்பத்திரண்டு வருடம் சர்வீஸ். அதில் இருபத்தொரு வருடம் ஏலமலை ரூட். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு, மழை, மூடுபனி, நடுரோட்டில் நின்று அசைபோடும் காட்டுமாடு, எல்லாம் பார்த்தாகிவிட்டது, வண்டியில் ஒரு கீறல் கிடையாது. இந்தப் படகில் என்ன இருக்கிறது? கியர் இல்லை, கிளட்ச் இல்லை, படியில் தொங்குகிற காலேஜ் பையன்கள் இல்லை. பிரேக் இல்லை என்பதுதான் கொஞ்சம் உறுத்தியது. பிரேக் இல்லாத வண்டியை எடுக்கிறவன் டிரைவர் இல்லை, பைத்தியக்காரன் என்று புதுசாக வந்த பையன்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் தண்ணீரில் யார் குறுக்கே வரப்போகிறார்கள்? லைஃப் ஜாக்கெட்டை மாட்டினார்கள். நெஞ்சில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விசில் கயிற்றில் தொங்கியது. ஆபத்து என்றால் ஊதவேண்டுமாம். விசிலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வேறு ஏதோ வந்தது, அதை முழுங்கிக்கொண்டேன். கரையில், கூரை போட்ட மேசையடியில், மாப்பிள்ளை தினகரன் பேரனை மடியில் வைத்துக்கொண்டு கையை ஆட்டினார். எழிலனுக்குப் பதின்மூன்று மாதம். அவன் எதைப் பார்த்தாலும் கையை ஆட்டுவான், என்னைத்தான் பார்த்து ஆட்டினான் என்று வைத்துக்கொண்டேன்.

பார்க் என்று சொன்னதும் நான் சறுக்குமரம், ஊஞ்சல், வாயைப் பிளந்து குப்பை வாங்கும் முயல் பொம்மை என்றுதான் நினைத்தேன். இவர்கள் ஒரு காட்டையே பார்க் என்கிறார்கள். ஸ்டேட் பார்க்காம், மாநில அரசாங்கத்துடையது. நுழைவாயிலில் ஒரு பலகை, அதில் கரடிக்குச் சாப்பாடு போடாதே என்று படம். எங்கள் வீட்டுக் கட்டுச்சோற்றில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன, கரடி வந்தாலும் கொடுக்கிற உத்தேசம் எனக்கில்லை. ஏரி நல்ல பெரிசு. சுற்றிலும் மரங்கள், பாதி மரங்கள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறிவிட்டன, இலை உதிரப்போகிற காலமாம். காலை ஒன்பதரை மணி வெயிலில் சூடே இல்லை. துடுப்பைப் போட்டேன். ரெண்டு போடு போட்டதும் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. வலது பக்கம் தள்ளினால் படகின் மூக்கு இடது பக்கம் போகிறது, இடது பக்கம் தள்ளினால் வலது பக்கம். ஸ்டியரிங்குக்குத் தலைகீழ், அவ்வளவுதான். “பாத்தியா, பழகிருச்சு” என்றேன். “உங்களுக்கென்னப்பா” என்றாள், திரும்பாமலே. அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது, பின்னலை மடித்துக் கட்டி, ஜாக்கெட்டுக்குள் பாதி சொருகியிருந்தாள். துடுப்பை மாற்றி மாற்றிப் போடவேண்டும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கை வலது பக்கமே போனது. தண்ணீர் தெரிகிற பக்கம் போடுவதுதானே சுகம். கொஞ்ச நேரத்தில் அவள், “இடது பக்கமா இழுக்குதுப்பா” என்றாள். “காத்து” என்றேன். காற்று இல்லை. ஏரி தட்டில் ஊற்றின எண்ணெய் மாதிரி கிடந்தது.

“அப்பா, அங்க, அங்க, இடது பக்கம் பாருங்க, மான்!” என்று அவள் குசுகுசுத்தாள். நான் தலையை முழுசாகத் திருப்பினேன். தோளோடு சேர்த்துத் திருப்பினேன். அப்போதுதான் வலது கண்ணுக்குள் அது வந்தது. கரையில் முட்டி வரை தண்ணீரில் நின்று ஒரு பெண்மான், காதை மட்டும் ஆட்டிக்கொண்டு. “ஆமா, அப்பவே பாத்தேன்” என்றேன். பொய் எவ்வளவு லகுவாக வருகிறது. ஒரு காலத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டரிடம் ரெண்டு நிமிஷம் லேட் என்பதை மறைக்கக்கூட எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த ரெண்டு வருடத்தில் நாக்கு நன்றாகத் தேர்ந்துவிட்டது. சொட்டு மருந்தைச் சவரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். ஒருநாள் சுடர் பார்த்துக் கேட்டாள், கண் உறுத்தல் என்றேன். இடது கண் என்பது இப்போது எனக்கு ஒரு முட்டைக்கோஸ் இலை வழியாகப் பார்க்கிற மாதிரி, வெளிச்சம் உண்டு, உருவம் இல்லை. கண்ணுக்குள் நீரழுத்தம் என்றார் டாக்டர், குளுக்கோமா என்று எழுதினார். வலி இருக்காது, சத்தம் போடாமல் திருடிக்கொண்டு போகும், போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றுவோம் என்றார். இருக்கிறது என்று அவர் சொன்னது வலது கண்ணை. இருந்துவிட்டுப் போகட்டும், ஒன்று போதும் என்று நான் முடிவு செய்தேன். ஒற்றைக் கையால் புரோட்டா அடிக்கிறவனை நான் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற அப்போது ஒரு வருடம்கூட இல்லை. வருடாந்தரக் கண் சோதனையில் வலது கண்ணைப் பொத்து என்றார்கள், பொத்தினேன், விரல் இடுக்கைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். அட்டையில் இருந்த கடைசி வரி எனக்கு ஏற்கெனவே மனப்பாடம். என் பெண்டாட்டி செல்லத்தாய் உயிரோடு இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே பிடித்திருப்பாள். தண்ணீர்ச் சொம்பை நான் எந்தப் பக்கம் தேடுகிறேன் என்பதை வைத்தே பிடித்திருப்பாள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது.

நாளைக் காலை ஏழே முக்காலுக்கு நான் எழிலனைக் காரில் குழந்தைகள் காப்பகத்துக்குக் கொண்டுபோய் விடவேண்டும். அதுதான் ஏற்பாடு. சுடர் நாளையிலிருந்து ஆபீசுக்கு நேரில் போயாக வேண்டும், மாப்பிள்ளை ஆறரைக்கே கிளம்புகிறவர், காப்பகம் எட்டு மைல். என்னை வரவழைத்ததே அதற்குத்தான். அதற்கு மட்டும்தான் என்று சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள், ஆனால் போனில் முதலில் கேட்டது அதைத்தான், “நீங்க வந்தீங்கன்னா எம் புள்ளைய நான் வேற யார் கார்லயும் ஏத்தி விட வேணாம்ப்பா.” வெளிநாட்டில் கார் ஓட்ட பெர்மிட் எடுத்தேன். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மூடிக் கிடந்த ஒரு கடையின் பெரிய பார்க்கிங்கில் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினேன். காரா அது, பொம்மை. மாப்பிள்ளையே கை தட்டினார். இந்த ஊர்ச் சாலையை நான் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். நம் ஊரில் டிரைவர் வலது பக்கம், ஜனம் ஏறுவது இறங்குவது நடப்பது எல்லாம் இடது பக்கம், அதாவது எனக்கு இல்லாத பக்கம். இங்கே தலைகீழ். டிரைவர் இடது பக்கம், நடக்கிறவன் சைக்கிள்காரன் எல்லாம் வலது பக்கம். என் நல்ல கண் வலது கண். அப்படியானால் இந்த நாடே என் கண்ணுக்குத் தோதாகத்தான் ரோடு போட்டிருக்கிறது. இதைக் கண்டுபிடித்த இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் பல் துலக்கும்போதுதான், எதிரே வருகிற வண்டி எந்தப் பக்கம் வரும் என்று ஒரு நினைப்பு வந்தது. வாயைக் கொப்பளித்துத் துப்பினேன், நினைப்பையும் சேர்த்து. எட்டு மைல். ஏலமலை ஒரு நடைக்கு முப்பத்தேழு கிலோமீட்டர். எட்டு மைலை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே ஓட்டிவிடுவேன்.

வலது பக்கம் ஒரு மரம் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் வரிசையாக ஏழெட்டு ஆமைகள், கழுத்தை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தன, டிப்போ மரத்தடியில் டூட்டிக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி. அதில் ஒன்று காசிம் ஜாடையில் இருந்தது. சும்மா சொல்லவில்லை, அந்தத் தாடையும் அந்தப் பொறுமையும் அவனேதான். காசிம் என் கண்டக்டர். பதினான்கு வருடம் ஒரே வண்டியில் போனோம், அவன் பின்னால், நான் முன்னால். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் வாய்ப் பேச்சே தேவையில்லை, விசில் போதும். ஒரு விசில் என்றால் நிறுத்து. ரெண்டு விசில் என்றால் போகலாம். வளைவில் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது அவன் கீழே இறங்கி நின்று குட்டிக் குட்டியாக ஊதிக்கொண்டே இருப்பான், ஊதிக்கொண்டிருக்கும் வரை வரலாம், கடைசியில் நீளமாக ஒன்று வந்தால் அதற்குமேல் ஒரு விரல்கடை நகரக்கூடாது, பின்னால் பள்ளம். நான் கண்ணாடியைப் பார்த்ததைவிட அவன் விசிலைக் கேட்டது அதிகம். சுடர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லீவு நாளில் என் பஸ்ஸில் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து வருவாள். காசிம் தன் விசிலைத் துடைத்து அவளிடம் கொடுப்பான். அவள் ஊதி நான் வண்டியை எடுத்திருக்கிறேன். மொத்தப் பஸ்ஸும் சிரிக்கும். அவளுக்கு அது நினைவிருக்குமா தெரியாது. இப்போது அவளுக்குக் கீழே பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள், அதில் ஒருவர்கூட விசிலுக்குக் கட்டுப்பட மாட்டார்கள்.

அந்தக் காலை. இந்த நினைப்பு வரும் என்று எனக்குத் தெரியும். ஆமையைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். ஆறு நாற்பது இருக்கும், முதல் நடை, பதினான்காவது வளைவு. பனி அவ்வளவு மோசமில்லை, அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். வளைவில் வண்டியை இடது பக்கம் ஒட்டி எடுத்தேன். ரோடு காலியாக இருந்தது. எனக்குக் காலியாக இருந்தது. பின்படியில் தலையை வெளியே நீட்டி நின்ற காசிம் ஒரு விசில் ஊதினான், ஒன்றே ஒன்று, காது கிழிகிற மாதிரி. அங்கே ஸ்டாப்பிங் இல்லை. ஏன் என்று கேட்கிற நேரமில்லை, கால் தானாகப் பிரேக்கில் ஏறியது. விறகுக் கட்டு ஒன்று வண்டியின் முன் ஓரத்தில் உரசி நின்றது. கட்டுக்குக் கீழே ஒரு பெண். நாற்பது வயது இருக்கலாம், ஆண் சட்டை ஒன்றைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள். மலைப்பக்கச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இடத்தில் நின்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் சிரித்தாள். அவ்வளவு பெரிய வண்டியைத் தனக்காக நிறுத்திவிட்டாரே இந்த மனுஷன் என்று சிரித்தாள். கட்டைச் சரி செய்துகொண்டு போய்விட்டாள். மேலே போய் டீக்கடையில் காசிம் என் எதிரே உட்கார்ந்தான். “என்னண்ணே, தெரியலையா?” என்றான். “கவனிக்கல” என்றேன். அவன் டீயை ஊதி ஊதிக் குடித்து முடித்தான். அப்புறம், “நாளையிலருந்து நான் முன்படியில நிக்கிறேண்ணே” என்றான். அவ்வளவுதான். நான் ஓய்வு பெறும் வரை ஒன்பது மாதம். சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்து முன்படியில் நின்றான். ஆள் இருந்தால் ஒன்று, போகலாம் என்றால் ரெண்டு. அந்த ஒன்பது மாதமும் என் இடது கண் காசிமின் வாயில் இருந்தது. நன்றிக்கு நான் என்ன செய்தேன்? அவன் மகள் நிக்காவுக்கு ஒரு மிக்ஸி வாங்கிக் கொடுத்தேன்.

“என்னாப்பா, பேச்சே இல்ல?” என்று சுடர் கேட்டாள். “ஏரியப் பாக்குறேன் தாயி” என்றேன். அவள் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, வலது பக்கம் நாணலுக்குள் நின்ற ஒரு பெரிய சாம்பல் நாரையைப் போனில் படம் எடுக்க ஆரம்பித்தாள். “நல்லா இருக்குல்லப்பா? ஒரு வருசமா நான் இங்க வரணும்னு நெனச்சேன், வரவே முடியல. புள்ளையப் பாத்துப் பாத்தே கிறுக்குப் புடிச்ச மாதிரி ஆயிருச்சு. காப்பகத்துல விடுறதுகூட பரவாயில்ல, அந்தக் காலை நேரத்துல வேகமா வண்டி ஓட்டணுமேன்னுதான் பயம். இப்ப இல்ல. நீங்க ஓட்டுறீங்கன்னா நான் ஆபீஸ்ல உக்காந்து அதப் பத்தி நெனக்கவே மாட்டேன்.” படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னாள், சாதாரணமாகச் சொன்னாள், உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.  வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே, அவள் என் கேடயத்தை வைத்திருக்கிறாள். விபத்தில்லாப் பணிக்காகக் கொடுத்தது. ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை போட்டு, வண்டிக்கும் மாலை போட்டு, கடைசி நடை எடுக்கச் சொன்னார்கள். டிரைவரின் குடும்பம் அந்த நடையில் வருவது எங்கள் பக்கத்து வழக்கம். சுடர் அதற்காகவே இங்கிருந்து வந்தாள். ஆறு மாதம் கர்ப்பம். முன் சீட்டில், என் இடது பக்கம் உட்கார்ந்து, ஒரு கையைக் கம்பியிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துக்கொண்டு பதினெட்டு வளைவும் வந்தாள். எனக்கு அவள் தெரியவில்லை. என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், எனக்கு அவள் ஒரு மஞ்சள் மூட்டம். வளையல் சத்தத்தை வைத்து அவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குக் காசிம் படியில் நின்று ஊதின ஒவ்வொரு விசிலும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எழிலனும் கேட்டிருப்பான், உள்ளே இருந்து. அந்தக் கேடயத்தை அவள் பெட்டியில் துணி சுற்றி எடுத்து வந்து, டிவிக்கு மேல் ஆணியடித்து மாட்டினாள். தினமும் ராத்திரி சாப்பிடும்போது அது எனக்கு நேர் எதிரே இருக்கிறது. அது வலது கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இல்லை. சொல்லிவிட்டால் நான் டிரைவர் இல்லை. டிரைவர் இல்லையென்றால் அந்த வீட்டில் நான் யார்? சோபாவில் ஓரமாக உட்கார்ந்து, ஊருக்குப் போகும் தேதியைக் கணக்குப் பண்ணுகிற ஒரு ஆள். டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டிய ஆள். அவளுக்கு ஒரு பிள்ளை போதாதா? அதுவும் போக, காப்பகத்துக்கு எட்டு மைலில் எத்தனை திருப்பம் இருக்கிறது, நான்கு. நாலே நாலு. சிக்னல் ஆறு. தலையைத் தோளோடு திருப்பிப் பார்த்து ஓட்டினால் யாருக்கு என்ன தெரியும்? வயதானவர், நிதானமாக ஓட்டுகிறார் என்பார்கள். காசிம் இல்லாவிட்டால் என்ன, நான் இல்லையா? வேற யாரு, வேற யாரு என்று அவள் கேட்டது துடுப்புச் சத்தத்தோடு சேர்ந்து வந்தது. வலது பக்கம் ஒரு போடு, வேற யாரு. வலது பக்கம் இன்னொரு போடு, வேற யாரு. படகு ஒரு தாளகதியில் நல்ல வேகம் பிடித்திருந்தது, எனக்கே பெருமையாக இருந்தது, சுடர் இன்னும் நாரையைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தாள், முன்னால் தண்ணீர் காலியாக இருந்தது, எனக்குக் காலியாக இருந்தது, அப்போது விசில் கேட்டது. ஒன்று. தன் நெஞ்சுக் கயிற்றில் தொங்கின அந்த ஆரஞ்சு விசிலைச் சுடர் வாயில் வைத்து முழு மூச்சையும் ஊதியிருந்தாள். என் வலது கால் படகின் அடிப்பலகையை ஓங்கி மிதித்தது. பிரேக் இல்லாத பலகை. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது, ரெண்டு கையாலும் துடுப்பைத் தண்ணீரில் குத்தி அப்படியே பிடித்தேன், தோள்பட்டை பிய்ந்துவிடும் போல இருந்தது, பிடித்தேன். படகு நின்றது.

தோளோடு திரும்பினேன். இடது பக்கம், படகின் மூக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி, தண்ணீருக்கு மேலே ஒரு தலை. மஞ்சள் ரப்பர்த் தொப்பி, நீச்சல் கண்ணாடி. என் வயது இருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாள், இடுப்பில் ஒரு ஆரஞ்சுப் பையைக் காற்றடைத்துக் கட்டிக்கொண்டு ஏரியைக் குறுக்கே நீந்திக்கொண்டிருந்தாள். எவ்வளவு பெரிய பை, எவ்வளவு பளீர் என்ற நிறம், குருடனுக்கும் தெரியும் என்பார்களே, அப்படி. அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். என்னைப் பார்த்தாள். சிரித்தாள். கையைத் தூக்கி, நல்ல காலை, ரொம்ப அழகான நாள் என்று ஏதோ இங்கிலீஷில் சொல்லி, நான் வழி விட்டதற்கு நன்றியும் சொல்லிவிட்டு, மறுபடி தண்ணீருக்குள் முகத்தை வைத்து நீந்திப் போனாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பதினான்காவது வளைவில் பார்த்த அதே சிரிப்பு, ஆண் சட்டை போட்டிருந்தவளின் சிரிப்பு. இந்த ஜனங்கள் ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்?   “ஸாரிப்பா” என்றாள் சுடர், மூச்சு வாங்க. “நான் போனப் பாத்துட்டு இருந்தேனா, திடீர்னு அவங்களப் பாத்ததும் பயந்து ஊதிட்டேன். நீங்க அப்பவே பாத்திருப்பீங்க, ஒடிச்சிருப்பீங்க. சும்மா ஊதி உங்களயும் பதற வச்சுட்டேன்.” எனக்குச் சாக்கு வந்துவிட்டது. நான் கேட்காமலே, தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கிற மாதிரி என் மகளே எடுத்துக் கொடுத்தாள். ஆமா, அப்பவே பாத்தேன் என்று சொன்னால் போதும். மானுக்குச் சொன்ன அதே வார்த்தை. வாயைத் திறந்தேன். நாளைக் காலையில் எழிலன் கார் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக் கையை ஆட்டுவான். அவனுக்கு விசில் ஊதத் தெரியாது.

“தாயி” என்றேன். “ம்” என்றாள். “எனக்கு இடது கண்ணு தெரியாது.” அவள் துடுப்பு பாதியில் நின்றது, அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. “என்னது?” “தெரியாதுன்னா தெரியாது. அந்த அம்மாவ நான் பாக்கல. மானையும் பாக்கல. ரெண்டு வருசமாச்சு, இனிமே திரும்ப வராதுன்னுட்டாங்க.” அவள் திரும்பப் போனாள். “திரும்பாத, படகு ஆடும்” என்றேன். படகுக்காகச் சொன்னேனா என் முகத்துக்காகச் சொன்னேனா தெரியவில்லை. அவள் திரும்பவில்லை. முதுகு மட்டும் நேராக நின்றது. அவள் கணக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே கணக்கில் புலி. “ரெண்டு வருசம்னா,” என்றாள், “அப்ப உங்க கடைசி நடை…” “ஆமா.” “நான் வயித்துல இவன வச்சுக்கிட்டு முன் சீட்டுல…” “ஆமா தாயி. காசிம் படியில நின்னான். அவன் பாத்துக்கிட்டான்.” இதைச் சொல்லும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் துடுப்பை மடிக்கு இழுத்து வைத்தாள். அப்புறம், “காசிம் சித்தப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது” என்றாள். கத்தியிருந்தால் தேவலை. “கார்ல ஓட்டிக் காட்டுனீங்களேப்பா. பெர்மிட் எடுத்தீங்க. நேத்துகூட எந்த ரோடு, எங்க திரும்பணும்னு எங்கிட்ட கேட்டு எழுதி வச்சீங்க. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான?” “தெரிஞ்சுக்கிட்டேதான்.” “அவன் எம் புள்ளப்பா.” குரல் உடைந்தது.   “நாளைக்கு நான் ஓட்டல” என்றேன். “நாளைக்கு மட்டுமில்ல. இனிமே எதையும் ஓட்டல.” சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். இடிந்து போவேன் என்று நினைத்தேன், இடியவில்லை. தோள் வலித்தது, பசித்தது, அந்தப் பெண்மான் இன்னும் அங்கேயே நிற்கிறதா என்று பார்க்கவேண்டும் போல இருந்தது. பெரிய பாரவண்டியை இறக்கத்தில் கொண்டுவந்து சமதளத்தில் விட்டதும் ஸ்டியரிங் தானாக லேசாகும், அப்படி இருந்தது.

“திருப்புங்க” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “அவன் அழுதுக்கிட்டு இருப்பான்.” திருப்பினேன். இந்தத் தடவை இடது பக்கமும் போட்டேன், தண்ணீர் தெரியாத பக்கம், துடுப்பு ஈரத்தில் இறங்குகிற சத்தத்தை வைத்துப் போட்டேன். படகு நேராகப் போனது. வழியில் அவள், “நாளைக்கு லீவு சொல்றேன். செவ்வாக்கிழம கண் டாக்டர் கிடைக்கிறாரான்னு பாக்கணும். அந்தச் சொட்டு மருந்து இருக்குல்ல, தினமும் போடுறீங்களா இல்லையா?” என்று கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள். “போடுறேன்” என்றேன். “பொய் சொல்லாதீங்க.” “ரெண்டு நாளா போடல” என்றேன். “அந்தக் கேடயத்தக் கழட்டிரு தாயி. காசிமுக்கு அனுப்பணும்.” அவள் துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டாள். கரை வந்தது. மரப்பலகை அடித்த படகுத்துறை இடது பக்கம் இருந்தது, புறப்படும்போது பார்த்த ஞாபகம், இப்போது எனக்கு அது ஒரு பழுப்பு மூட்டம். மாப்பிள்ளையின் குரல் கேட்டது, எழிலன் அழுகிற சத்தமும் கேட்டது. பச்சை குத்தின பெண் ஏதோ கத்தினாள், ஒதுக்கச் சொல்லியிருக்கவேண்டும். எவ்வளவு தூரம், எனக்குத் தெரியவில்லை. கை தயங்கியது. துறையில் மோதினால் மூக்கில் உட்கார்ந்திருப்பது சுடர்தான். “எவ்வளவு இருக்கு தாயி?” என்று கேட்டேன். முப்பத்திரண்டு வருடத்தில் நான் வாய் திறந்து யாரிடமும் கேட்காத கேள்வி. அவள் நெஞ்சில் தொங்கின விசிலை எடுத்தாள். இன்னும் என் பக்கம் திரும்பவில்லை, கோபம் தீரவில்லை, தீரவும் நாளாகும். விசிலை வாயில் வைத்தாள். குட்டியாக ஒன்று ஊதினாள். இன்னொன்று. இன்னொன்று. வரலாம், வரலாம், வரலாம். இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து கற்றுக்கொண்டது, ஒன்றும் மறக்கவில்லை. நான் ஒவ்வொரு ஊதலுக்கும் ஒரு சின்னத் தள்ளு தள்ளினேன். கரையில் எழிலன் அழுகையை நிறுத்திவிட்டுச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்திருக்கவேண்டும், அவன் குரல் நின்றது. அப்புறம் நீளமாக ஒரு விசில் வந்தது. நிறுத்திவிட்டேன்.